கல்லறை எவருக்கு உரியது?

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கடலோரக் கரையை எழுவான்கரை என்றும் உட்புறக் கரையைப் படுவான்கரை என்றும் இப்பிரதேச மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று; ஞாயிறு படும் கரை மற்றொன்று. வயலும் மேய்ச்சல் நிலமும் காடும் விரவிய அந்தப் படுவான்கரையிலேதான், தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து மாண்ட மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கான துயிலும் இல்லங்களிற் பெரும்பாலானவை அமைந்தன. தரவை, தாண்டியடி, மாவடிமுன்மாரி ஆகிய மூன்றும் வாவிக்கு மேற்கே உள்ளன. நான்காவதாகிய கண்டலடி வடக்கே வாகரைப் பகுதியில் உள்ளது. அங்கு ஒருகாலத்தில் எழுந்து நின்ற கல்லறை வரிசைகளை இன்று காண இயலாது. எஞ்சியவை சிதைந்த கற்களே.

இக்கட்டுரை ஒரு வழக்குரை. கண்ணகி வழக்குரை பாடப்படும் மண்ணிலே வாழ்வோருக்கு வழக்குரைத்தல் என்னும் சொல் புதியதன்று. ஆயின் எவர் பொருட்டு, எவருக்கு எதிராக என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்குதல் வேண்டும். கல்லறைகளை இடித்த அரசு இவ்வழக்கில் ஓர் எதிராளி. அவற்றை எழுப்பிய இயக்கமும் அதன் பெயரால் இன்று பேசுவோரும் மற்றோர் எதிராளிகள். வழக்காடுபவள் பிள்ளையைப் பெற்றவள். கல்லறை அவளுக்கும் அவள் குடும்பத்துக்கும் உரியது. இருமுறை அது அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. அதனை அவளிடம் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்பதே நமது வாதம்.

1. வரலாற்றுச் சுருக்கம்

விடுதலைப் புலிகள் இயக்கத்தின் முதற் போராளி 1982 நவம்பர் 27இல் உயிரிழந்தார். அந்நாளை மாவீரர் நாளாக அவ்வியக்கம் முதன்முதலிற் கடைப்பிடித்தது 1989ஆம் ஆண்டிலாகும். தொடக்ககாலத்தில் மாண்டோரின் உடல்கள் பெரும்பாலும் எரியூட்டப்பட்டன. 1990களின் முற்பகுதியிலேயே உடலைப் புதைத்துக் கல் நாட்டும் முறை இயக்கத்தின் பொதுவிதியாயிற்று. கோப்பாய் முதலிய யாழ்ப்பாணத்து இடங்களில் உருவான இவ்வமைப்பு வன்னிக்கும் கிழக்குக்கும் பரவியது. உடல் கிடைத்தவருக்குக் கல்லறை. உடல் கிடையாதவருக்கு நினைவுக்கல். ஆண்டுதோறும் நவம்பர் 27 மாலை 6.05க்கு மணி ஒலிக்கும், அமைதி காக்கப்படும், 6.07க்குச் சுடர் ஏற்றப்படும். ஒவ்வொரு கல்லறையின் முன்னும் அவ்வக் குடும்பத்தார் நின்று விளக்கேற்றுவர்.

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களுக்கு உடலைப் புதைத்தல் வழமைக்கு மாறானது. மட்டக்களப்பு நாட்டுப்புறத்திலோ சைவரிடையேயும் புதைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஆகவே, துயிலும் இல்லம் வெளியிலிருந்து புகுத்தப்பட்ட அந்நிய வழக்கம் என்னும் வாதம் வாவிக்கரையைப் பொறுத்தவரை எடுபடாது. இங்கு அந்நியமாக வந்தது குழியன்று; அக்குழியின் மேல் ஏற்றப்பட்ட பொருள்.

2004 மார்ச்சில் இயக்கம் பிளவுற்றது. கிழக்குத் தளபதி கருணா தலைமையிலிருந்து பிரிந்தார். அடுத்த மாதம், பெரிய வெள்ளியை ஒட்டிய நாள்களில், வெருகல் ஆற்றங்கரையில் ஒரே இயக்கத்தின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றனர். 2007 ஜனவரியில் வாகரையும், மார்ச்சில் கொக்கட்டிச்சோலையும், ஜூலையில் குடும்பிமலையும் அரச படைகளின் வசமாயின. அதன்பின் துயிலும் இல்லங்கள் சிதைக்கப்பட்டன. 2009 மே மாதத்தோடு யுத்தம் முடிந்தது. கல்லறைகளின் மீதான யுத்தம் முடியவில்லை. 1990களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணம் படையினர் வசமானபின் சிதைக்கப்பட்டு, 2002 போர்நிறுத்தத்தின் பின் மீளக் கட்டப்பட்ட கோப்பாய்த் துயிலும் இல்லம் இரண்டாம் முறையும் தரைமட்டமாக்கப்பட்டது. அந்நிலத்தில் 2011ஆம் ஆண்டு இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறந்துவைக்கப்பட்டது. படுவான்கரையில் தாண்டியடித் துயிலும் இல்ல நிலத்தில் விசேட அதிரடிப்படை முகாம் அமைந்தது. அங்கு புதைக்கப்பட்டோரின் உறவினர் அருகே வேறிடத்தில் நின்று விளக்கேற்ற நேர்ந்தது.

2. முதலாவது பறிப்பு

இரண்டாவது பறிப்பைப் பற்றி நம்மவர் நிறையப் பேசுவர். முதலாவதைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆதலின் அதிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

இயக்கம் தனது மொழியில் இறந்த உடலை வித்துடல் என்றும், புதைக்கும் குழியை விதைகுழி என்றும் அழைத்தது. இறந்தவர் புதைக்கப்படுவதில்லை, விதைக்கப்படுகிறார் என்பது அதன் கருத்து. கேட்போர் உள்ளத்தை உருக்கும் உருவகம் இது என்பதில் ஐயமில்லை. எனினும் உருவகங்களுக்கும் பொறுப்புண்டு. விதைத்தவன் அறுவடையை எதிர்பார்ப்பான். ஒரு பிள்ளையின் மரணம் அடுத்த பிள்ளையை அழைப்பதற்கான நியாயமாக மாறும்போது, துக்கம் ஆட்சேர்ப்பின் கருவியாகின்றது. தாய் அழுவதற்கெனக் கொடுக்கப்பட்ட இடத்தில் அவள் அழுகைக்கும் ஒரு நிகழ்ச்சிநிரல் வகுக்கப்பட்டது. பிள்ளைக்கு இட்ட பெயர் பின்னே சென்று இயக்கம் இட்ட பெயர் முன்னே நின்றது. வீட்டில் நிகழவேண்டிய சடங்கு படையணியின் அணிவகுப்பாயிற்று.

மட்டக்களப்பைப் பொறுத்தவரை இதற்கு மேலும் ஒரு கசப்பான பக்கம் உண்டு. 2001ஆம் ஆண்டிலிருந்து இங்கு வீட்டுக்கொரு பிள்ளை என்னும் பெயரில் நடைபெற்ற ஆட்சேர்ப்பில் பதினெட்டு வயது நிரம்பாதோர் பலர் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது மனித உரிமை அமைப்புகளால் விரிவாகப் பதிவு செய்யப்பட்ட உண்மை. வெருகல் மோதலின்பின் வீடு திரும்பிய சிறுவர்களை மீண்டும் அழைத்துச் செல்ல முயன்றபோது தாய்மார் வழிமறித்து நின்ற கதைகளும் இம்மண்ணுக்கு உரியவையே. விரும்பிச் சென்றவரும் இருந்தனர். இழுத்துச் செல்லப்பட்டவரும் இருந்தனர். கல்லறை இருவருக்கும் ஒரே சொல்லையே பொறித்தது. இவ்வுண்மையை எடுத்துக் கூறுவது இறந்தவரை இழிவுபடுத்துவதாகும் என்று சிலர் சினப்பர். பதினைந்து வயதில் மாண்ட பிள்ளையின் வயதை மறைப்பதே அப்பிள்ளைக்குச் செய்யும் இழிவு என்பது நமது விடை.

எவருக்குக் கல் கிடையாது என்பதையும் நோக்குதல் வேண்டும். கருணா அணியில் நின்று வெருகலில் மாண்ட பிள்ளைக்கு மாவீரர் பட்டியலில் இடமில்லை. அவன் தம்பி மறுகரையில் நின்று மாண்டிருந்தால் இடமுண்டு. இயக்கத்தால் தடைசெய்யப்பட்ட ஏனைய இயக்கங்களிற் சேர்ந்து மாண்டோருக்கும், துரோகி எனச் சுட்டுக் கொல்லப்பட்டோருக்கும் விளக்கேற்ற நவம்பரில் ஒரு நிமிடமும் ஒதுக்கப்படவில்லை. ஒரே ஊரில், ஒரே வேலியின் இருபுறமும் வாழ்ந்த இரு தாய்மாருள் ஒருத்தி கௌரவிக்கப்பட்டாள். மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். துக்கத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை இயக்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. இதுவே முதலாவது பறிப்பு.

3. இரண்டாவது பறிப்பு

இயக்கம் தாயின் துக்கத்துக்கு ஓர் உருவத்தையேனும் கொடுத்தது. அரசு அதையும் மிச்சம் வைக்கவில்லை.

கல்லறையை இடித்தவர்கள் எவரைத் தண்டித்தார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். இறந்தவரைத் தண்டிக்க எவராலும் இயலாது. இயக்கத்தின் தலைமையோ அழிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருந்தவர்கள், மண்முனைத் துறையில் பாலம் கட்டப்படுவதற்கு முன் மக்கள் ‘பாதை’ என்று அழைக்கும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, கையில் ஒரு போத்தல் எண்ணெயுடன் சென்ற பெண்களே. இடிக்கப்பட்டது அவர்களுடைய ஒரேயொரு முகவரி.

இடிப்போடு நில்லாமல் நினைப்பும் குற்றமாக்கப்பட்டது. 2021 மே 18இல் கிரான் கடற்கரையில் இறந்தோரை நினைந்து சுடரேற்றிய 10 பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டு, மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டபின் அவ்வாண்டு டிசம்பரிலேயே பிணையில் வந்தனர். 2023 நவம்பரிலும் மட்டக்களப்பில் மாவீரர் நாளோடு தொடர்புபடுத்தி அதே சட்டத்தின் கீழ்ச் சிலர் கைது செய்யப்பட்டனர். 2024இன் பின் தடைகள் தளர்ந்தன என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயின் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்துத் தளர்வதும் இறுகுவதுமான ஒன்றை உரிமை என்று அழைக்க இயலாது. அது சலுகை.

வவுணதீவில் 2018 நவம்பர் 30இல் நிகழ்ந்ததையும் இங்கு நினைவுகூர்தல் தகும். சோதனைச் சாவடியொன்றிற் கடமையிலிருந்த இரண்டு பொலிசார் கொல்லப்பட்டனர். மாவீரர் நாள் கழிந்து மூன்றே நாள்கள். சந்தேகம் உடனடியாக முன்னாட் போராளிகள்மீது சென்றது, ஒருவர் தடுத்துவைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னரே அக்கொலைகளைச் செய்தது சஹ்ரானின் குழுவென்று வெளிப்பட்டது, தடுத்துவைக்கப்பட்டவர் விடுதலையானார். விளக்கேற்றுவோரைக் கண்காணித்துக் கொண்டிருந்த கண்கள், மெய்யான கொலைகாரர் தயாராகிக்கொண்டிருந்த திசையைக் காணத் தவறின. துக்கத்தை ஆபத்தென்று கருதும் அரசு ஆபத்தை அடையாளங்காணும் ஆற்றலை இழந்துவிடுகின்றது என்பதற்கு வவுணதீவைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

4. மறுப்புரைகளுக்கு மறுமொழி

கல்லறைகளை மீள அமைத்தால் பிரிவினை மீளத் தலையெடுக்கும் என்பது முதலாவது மறுப்புரை. இதற்குத் தெற்கின் வரலாறே விடை கூறுகின்றது. மக்கள் விடுதலை முன்னணி 1971இலும், மீண்டும் 1987 தொடக்கம் 1989 வரையும், அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது. அதன் தலைவர் றோகண விஜேவீர 1989 நவம்பர் 13இல் கொல்லப்பட்டார். அக்கட்சி தன் மாண்ட தோழர்களை ஆண்டுதோறும் நவம்பரிற் கொழும்பிலே பகிரங்கமாக நினைவுகூர்ந்து வந்துள்ளது. வீரர் என்னும் சொல்லையே அவர்களுக்கும் வழங்குகின்றது. அதனால் மூன்றாவது கிளர்ச்சி மூளவில்லை. மாறாக, அக்கட்சியின் தலைவர் 2024 செப்டெம்பரில் வாக்குச்சீட்டினால் நாட்டின் ஜனாதிபதியானார். தோழரை நினைக்க இடங்கிடைத்தவர்கள் தேர்தல் மேடைக்கு வந்தனர். ஒரே மாதத்தில், ஒரே தீவில், கிளர்ச்சியில் மாண்ட ஒரு பிள்ளைக்கு மாலையும் மற்றொரு பிள்ளைக்குப் புல்டோசரும் என்பது எந்நீதியின்பாற்படும்?

தேசியப் போர்வீரர் நினைவகம் பாராளுமன்றத்துக்கு அண்மையில் நிற்கின்றது. 1987 தொடக்கம் 1990 வரை இங்கிருந்து மாண்ட இந்தியப் படையினர் ஏறத்தாழ 1,200 பேருக்கும் அப்பகுதியிலேயே நினைவுச்சின்னம் உண்டு. படையினரின் தாய்மாரும் தாய்மாரே. அவர்களுக்குக் கல் கிடைத்ததில் நமக்கு வழக்கில்லை. அயல்நாட்டுப் படையினனுக்கு இடமுள்ள தீவில் படுவான்கரையிற் பிறந்தவனுக்கு ஆறடி நிலம் இல்லையா என்பதே வழக்கு.

பழையதைக் கிளறாமல் அபிவிருத்தியைக் கவனிப்போம் என்பது இரண்டாவது மறுப்புரை. இது பெரும்பாலும் பிள்ளையை இழக்காதவர்கள் கூறும் அறிவுரை. மண்முனையிற் பாலம் வந்தது நன்று. பாலத்தைக் கடந்து அவள் எங்கே செல்வாள் என்பதற்கும் விடை வேண்டும்.

மூன்றாவது மறுப்புரை நம்மிடையே இருந்து வருகின்றது. கல்லறை இனத்தின் சொத்து. அதனைக் குடும்பத்தின் சொத்தாகச் சுருக்குவது அரசியலைக் களவாடுவது என்பர். நவம்பர் மாதத்தில் முன்வரிசையில் நின்று சுடரேற்றுவதற்குக் கட்சியினர் தம்முள் போட்டியிடுவதைக் கண்டவர்களுக்கு, யார் எதைக் களவாடுகின்றனர் என்பது விளங்கும். அரசியல் வேண்டுமாயின் மேடைகள் பலவுண்டு. ஓர் இனத்தின் உரிமைக்கோரிக்கை மெய்யானதாயின், அது பிணங்களின் தோளில் ஏறி நின்றே பேசவேண்டும் என்பதில்லை.

இயக்கத்தவரை மட்டும் ஏன் நினைக்கவேண்டும் என்பது நான்காவது. கேள்வி நியாயமானது. 1987 ஜனவரி 28இலும் 1991 ஜூன் 12இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் மடிந்தோர். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது இயக்கத்தினராற் கொல்லப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள். அதே மாதத்தில் ஏறாவூரில் மாண்டோர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டோர். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்தபின் கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான பொலிசார் — இவர்கள் எல்லோருக்கும் கல் உரியது. பிறருக்குக் கல் இல்லை என்பது படுவான்கரைத் தாய்க்கும் கல்லை மறுப்பதற்கு நியாயமாகாது. எல்லோருக்கும் நாட்டுதற்கே அது நியாயமாகும்.

5. பிற நாடுகள் கற்றவை

நமது கடலிலேயே தொடங்கலாம். 1942 ஏப்ரல் 9இல், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ் யப்பானிய விமானங்களின் தாக்குதலில் மூழ்கியது. அவுஸ்திரேலியக் கப்பலாகிய வாம்பயரும் அதனுடன் மூழ்கிற்று. ஹேர்மிஸில் 307 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோருக்குக் கடலே குழியாயிற்று. எனினும் அவர்கள் பெயரற்றுப் போகவில்லை. இங்கிலாந்தின் கடற்படை நினைவுச்சின்னங்களில் அப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கரையில் மாண்ட பிரித்தானியப் பேரரசுப் படையினர் திருகோணமலையில், நிலாவெளி வீதியிலுள்ள போர் மயானத்தில் வரிசையாகத் துயில்கின்றனர். குடியேற்ற ஆட்சியின் படையினர் அவர்கள். சுதந்திரம் பெற்ற இலங்கை அவர்களின் கற்களைப் பெயர்த்தெறியவில்லை; எறிந்திருந்தால் நாம் வெட்கப்பட்டிருப்போம்.

அம்மயானங்களைக் காக்கும் ஆணைக்குழு 1917இல் நிறுவப்பட்டது. ஒவ்வொருவர் பெயரும் பொறிக்கப்படவேண்டும். தரம், இனம், சமயம் என்னும் வேறுபாடு கல்லில் தெரியலாகாது. கல் நிலைத்திருக்கவேண்டும் என்பன அதன் கோட்பாடுகள். அவ்வமைப்பும் குற்றமற்றதன்று. ஆபிரிக்காவையும் மத்திய கிழக்கையும் பெரும்பான்மையாகச் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர் முதல் உலகப்போரின் பின் பெயர்சொல்லி நினைக்கப்படவில்லை என அதன் சொந்த விசாரணையே 2021இல் வெளியிட்டது. பிள்ளைகளின் கல்லில் சிலுவை வேண்டும் என ஆயிரக்கணக்கானோர் 1919இல் விடுத்த விண்ணப்பத்தை அது ஏற்கவுமில்லை. ஆக, தாயிடமிருந்து கல்லறையைப் பறித்தல் கிழக்கிலங்கையின் தனிப் பழக்கமன்று. படைதிரட்டும் அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான பழக்கம். ஆயினும் அவ்வாணைக்குழு ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்தது. கல்லின் அடிப்பகுதியில் 66 எழுத்துகளுக்குள் ஒரு வரியைக் குடும்பத்தார் தாமே எழுதிக்கொள்ளலாம் என்றது. படையணியின் பெயரும் சின்னமும் மேலே. தாயின் சொல் கீழே. மயானம் முழுவதும் அரசு பேச, அவ்வொரு வரியில் மட்டும் வீடு பேசுகின்றது.

அமெரிக்காவின் உதாரணம் இன்னும் நெருக்கமானது. தேசியப் படைமயானம் என்னும் ஏற்பாடு அங்கு உருவானதே உள்நாட்டுப் போரின் நடுவில், 1862ஆம் ஆண்டுச் சட்டத்தினாலாகும். 1864இல் ஆர்லிங்டன் மயானம் தொடங்கியது. தோற்ற தென்மாநிலப் படையினருக்கு அத்தேசிய ஏற்பாட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை. நாட்டைப் பிரிக்கப் போரிட்டவர்கள் அவர்கள். அவர்கள் போரிட்ட காரணமோ அடிமைமுறையைக் காத்தல். அப்படியிருந்தும் 1900இல் ஆர்லிங்டனிலேயே அவர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்க அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதித்தது. பின்னர் 1914இல் அங்கு அவர்களின் இலட்சியத்தைப் போற்றும் சிலையொன்று எழுந்தது. 2023இல் அச்சிலை அகற்றப்பட்டது. அதனை மீள நிறுவப்போவதாக 2025இல் அறிவித்தனர். சிலையைப்பற்றிய இந்த இழுபறி முழுவதிலும் கல்லறைகளை எவரும் தொடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. போற்றுதல் வேறு, புதைத்தல் வேறு. போற்றுதலைப் பற்றி ஒரு நாடு நூற்றாண்டுக்காலம் விவாதிக்கலாம், புதைத்தலைப் பற்றி விவாதமில்லை என்பதே அதன் பாடம்.

சட்டமும் இதனையே கூறுகின்றது. பகைவரின் கல்லறையை மதித்துப் பேணி அடையாளமிடுமாறு 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை பணிக்கின்றது. இலங்கை அதனை 1959இல் ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போருக்கு அவ்விதி எழுத்தளவிற் பொருந்தாது எனச் சட்டத்தரணிகள் வாதிடலாம். இருவகைப் போருக்கும் பொருந்தும் வழமைச் சட்டம் இறந்தோரின் கல்லறைகள் மதிக்கப்படவேண்டும் என்கின்றது. அதற்கு அப்பாலும் வாதிடுவோர், அந்நியப் பகைவனுக்குக் காட்டும் மரியாதையைச் சொந்தக் குடிமகனுக்குக் காட்டமாட்டோம் என்று சொல்பவர் ஆவர். அதனை அவர்கள் உரக்கச் சொல்லட்டும்.

6. நடுகல்லின் பாடம்

கல் நாட்டுதல் தமிழ் மரபில் மிகப் பழையது. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதனைப் படிப்படியாக வகுத்துரைக்கின்றது. அக்கற்களிற் பல ஆநிரை கவர்ந்தோருக்கும் மீட்டோருக்கும் உரியவை. மட்டக்களப்பு வழக்கில் தரவை என்பது மாடு மேயும் புல்வெளியைக் குறிக்கும் சொல். ஆநிரைக்காக மாண்டவனுக்குக் கல் எடுத்த மரபின் வழிவந்தோர், இன்று தரவையில் உடைந்த கல்லினிடையே ஆநிரை மேய்வதைக் கண்டு நிற்கின்றோம்.

பழம்பெருமை பேசுவதற்காக இதனைக் கூறவில்லை. நடுகல் மரபும் மறத்தைப் போற்றிய மரபே. அதனை அப்படியே மீட்டெடுத்தால் இயக்கத்தின் பிழையை மீளச் செய்தவர் ஆவோம். ஆயின் அம்மரபு ஓரிடத்தில் தன்னைத்தானே திருத்திக்கொண்டது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் காட்சி முதலான அதே படிகள் வருகின்றன. இமயத்திலிருந்து கல் கொணரப்படுகின்றது, கங்கையில் நீராட்டப்படுகின்றது, நடப்படுகின்றது. இம்முறை கல் எழுந்தது போர்க்களத்தில் மாண்ட வீரனுக்கன்று. அரசு அநீதியாகக் கொன்ற கணவனுக்காக வழக்குரைத்த ஒரு பெண்ணுக்கு. வைகாசிதோறும் வாவியின் இரு கரைகளிலும் குளிர்த்தி பாடிக் கண்ணகியின் சினத்தைத் தணிக்கும் மட்டக்களப்பு மக்கள் அம்மரபின் உரிமையாளர்கள். கொன்ற அரசையும் வாளையும் நோக்காது, இழந்தவளை நோக்கிக் கல்லைத் திருப்பியது சிலம்பு. துயிலும் இல்லக் கற்களும் அவ்வாறே அவளை நோக்கித் திரும்புதல் வேண்டும்.

7. கேட்பவை

நமது கோரிக்கைகள் சிலவே. முதலாவதாக, துயிலும் இல்ல நிலங்களில் உள்ள முகாம்கள் அகற்றப்பட்டு, அந்நிலங்கள் மயானங்கள் எனச் சட்டப்படி அறிவிக்கப்படல் வேண்டும். அவற்றைப் பேணும் பொறுப்பு உறவினர் சபைகளிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, நினைவுகூர்தலைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தீண்டலாகாது. மூன்றாவதாக, மயானத்தின் எல்லைக்குள் எந்தக் கட்சியின் கொடியும், எந்தப் படையின் கொடியும், எவருடைய மேடையும் வேண்டா. நான்காவதாக, கல்லில் இயற்பெயரும் ஊரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் பொறிக்கப்படுக. இரண்டு ஆண்டுகளையும் கழித்துப் பார்ப்பவர் வயதை அறிந்துகொள்வர். அடியில் ஒரு வரி தாய்க்கு விடப்படுக. அவள் ‘வீரன்’ என்று எழுதினாலும், ‘என் பிள்ளை’ என்று எழுதினாலும், வெறுமையாகவே விட்டாலும் அது அவள் உரிமை.

ஐந்தாவது கோரிக்கை அரசை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. கல் உடைந்தபோது அதிலிருந்த பெயரும் உடைந்தது. பெற்றோர் முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைகின்றனர். இன்னும் சில ஆண்டுகளில், யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று கூற எவரும் இரார். பட்டியல் தொகுத்தலும் வாய்மொழிச் சான்று பதிதலும் பல்கலைக்கழகத்தின் தொழில். ஆய்வுக்குப் பொருள் தேடிக் கடல்கடந்து செல்லும் நாம் வாவியைக் கடந்து செல்லத் தயங்குவதேன்? அச்சம் என்பர். அச்சம் மெய்யே. ஆயின் அச்சத்தையும் நாம் அறியாதவர்கள் அல்லோம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதிமுகாமாக இருந்தபோது, 1990 செப்டெம்பர் 5இல், அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினரால் அழைத்துச் செல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. அவர்களுக்குக் குழியுமில்லை, கல்லுமில்லை. விரிவுரை மண்டபங்களின் நிழல் விழும் அதே மண்ணில் அவர்கள் கடைசியாக நின்றனர்.

ஆகவே பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம். முதற் பக்கத்தில் வளாகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர். அடுத்துச் சத்துருக்கொண்டான், காத்தான்குடி, ஏறாவூர், கொக்கட்டிச்சோலை. பின்னர் தரவை, தாண்டியடி, மாவடிமுன்மாரி, கண்டலடி. வெருகலின் இரு கரைகளும். ஒவ்வொரு பெயரின் எதிரேயும் இயக்கம், படை, இனம் என்னும் நிரல்களுக்கு முன்னதாக ஒரு நிரல் இருக்கட்டும்: தாயின் பெயர். அரசு கல்லை நாட்ட இசையும் நாள் எப்போது வருமோ அறியோம். அந்நாள் வரும்போது கல்லில் எழுதுவதற்குப் பெயர் நம்மிடம் இருத்தல் வேண்டும்.